மகளிர் ஆணைக்குழுவின் திட்டமிடல் கிராமத்தில் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

2024ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பெண்கள் வலுவூட்டல் சட்டம், பெண்களுக்கென்று சுயாதீனமான தேசிய ஆணைக்குழு ஒன்றுக்குச் சட்டப்படி இடமளித்திருக்கிறது. இப்படியான ஓர் ஆணைக்குழு அடுத்து வரும் ஆண்டுகளுக்கான மூலோபாயத் திட்டமொன்றை வகுப்பதும், அதற்காக உறுப்பினர்களும் அதிகாரிகளும் இரண்டு மூன்று நாட்கள் அலுவலகத்துக்கு வெளியே தங்கியிருந்து கலந்தாலோசிப்பதும் வழக்கமானவையே. அந்த வதிவிட அமர்வை எங்கே வைப்பது, யாரை அழைப்பது, எந்த மொழியில் பேசுவது, யாரை முதலில் பேசவிடுவது என்பவற்றையெல்லாம் வெறும் ஏற்பாட்டு வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். நான் திருகோணமலை மாவட்டத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருபத்தாறு வருடங்கள் கடமையாற்றி ஓய்வு பெற்றவள். ஒரு திட்டம் பெண்களுக்கு உதவுமா உதவாதா என்பது பெரும்பாலும் இந்த ஏற்பாடுகளிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதை அனுபவத்தில் கண்டிருப்பதால், தங்கள் பத்திரிகை வாயிலாக இதனை எழுதுகிறேன்.

பெண்கள் தொடர்பான ஆவணங்களுக்கு இந்த நாட்டில் என்றுமே குறைவிருந்ததில்லை. 1978இல் மகளிர் பணியகம் அமைக்கப்பட்டது. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்டது. 1993இல் பெண்கள் பட்டயமும் அதனைக் கண்காணிக்கும் தேசிய குழுவும் வந்தன. ஆனால் பட்டயத்துக்குச் சட்ட வலு இருக்கவில்லை. எனவே அதை மீறியவரிடம் கேள்வி கேட்கும் அதிகாரமும் அந்தக் குழுவுக்கு இருக்கவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் காத்திருந்த பின்னர்தான் சட்டத்தின் பலத்தோடு ஓர் ஆணைக்குழு நமக்கு வாய்த்திருக்கிறது. அதன் முதல் திட்டமும் பழைய வழியிலேயே போய்விடக் கூடாது என்ற கவலை எனக்கு நிரம்ப உண்டு.

பழைய வழி எதுவென்று சொல்ல, நான் நேரில் கண்ட ஒன்றை விவரிக்க வேண்டும். பல வருடங்களுக்கு முன்னர், பெண்கள் விடயங்களுக்குப் பொறுப்பான நிறுவனமொன்றின் திட்டமிடல் அமர்வு நிலாவெளிக் கடற்கரை விடுதியொன்றில் மூன்று நாட்கள் நடைபெற்றது. மாவட்டத்திலிருந்து எங்களில் சிலரையும் அழைத்திருந்தார்கள். சுவரெங்கும் மனிலாத் தாள்கள். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள், பச்சை அட்டைகள். உரைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தன. எனக்கு அருகிலிருந்த சக உத்தியோகத்தர் ஒருவர் என் காதோடு மெதுவாக மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது மண்டபம் மூன்றாவது வாக்கியத்தில் நின்றது. இரண்டாம் நாள் மதிய உணவுக்குப் பின்னர், ‘களத்தின் குரல்’ என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்த நேரத்தில், வெருகல் பக்கத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி ஒருவரைப் பேச அழைத்தார்கள். அவருக்குப் பத்து நிமிடங்கள் கொடுக்கப்பட்டன.

அந்த அம்மா சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவருடைய கிராமத்துப் பெண்ணொருத்தி கணவனின் அடி உதை தாங்காமல் பொலிஸுக்குப் போய், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மூதூர் நீதவான் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பெற்றிருந்தாள். அந்தக் கட்டளை கிடைத்தால் பதினான்கு நாட்களுக்குள் விசாரணை நடக்க வேண்டும். அதன் முடிவில் பன்னிரண்டு மாதங்கள் வரை செல்லுபடியாகும் கட்டளை வழங்கப்படலாம். விசாரணை நாளன்று அதிகாலையில் அவள் கைக்குழந்தையோடு பஸ் தரிப்பிடத்துக்கு வந்தாள். நீதிமன்றத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய பஸ் அது ஒன்றுதான். கணவனும் அதே பஸ்ஸுக்காக அங்கே நின்றான், தன் தமையனோடும் இன்னும் இருவரோடும். பஸ் வந்தது; அவர்கள் ஏறினார்கள்; அவள் ஏறவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்து வந்துவிட்டாள். வழக்கு அத்தோடு நின்றுபோனது.

தலைவி இதைச் சொல்லி முடிக்க ஏழெட்டு நிமிடங்கள் ஆயின. மொழிபெயர்ப்பாளர் அதை ‘போக்குவரத்து வசதி போதாது என்கிறார்’ என்று ஒரே வரியில் முடித்தார். ஒருவர் மஞ்சள் அட்டையில் ‘போக்குவரத்து’ என்று எழுதி, அச்சுறுத்தல் என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார். பிறகு தேநீர் இடைவேளை. மூன்றாம் நாள் மாலையில் தாள்களையெல்லாம் சுருட்டிக் கட்டி வாகனத்தில் ஏற்றினார்கள். அடுத்த வருடம் அச்சாகி வந்த திட்டத்தை நான் பக்கம் பக்கமாகத் தேடினேன். பாதுகாப்புக் கட்டளை பெற்ற பெண் விசாரணை நாளில் எப்படி நீதிமன்றம் போவாள் என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த மண்டபத்தில் இருந்த எவரையும் நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அனைவரும் நல்லெண்ணத்தோடுதான் வந்திருந்தார்கள். கேட்கும் முறை தவறாக இருந்ததால் அவர்களுடைய நல்லெண்ணமும் பயன்படாமல் போயிற்று.

அன்று சரியாகக் கேட்டிருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். விசாரணை நாளன்று அந்தப் பெண்ணை அழைத்துச் செல்ல ஒரு முச்சக்கரவண்டிக்கான கூலியைப் பிரதேச செயலகத்தின் ஒதுக்கீட்டில் சேர்த்திருக்கலாம். உத்தியோகத்தர் ஒருவர் அன்று அவளோடு போவதைக் கடமையாக்கியிருக்கலாம். இப்போது அது மனமிருந்தால் செய்யும் உபகாரமாகவே இருக்கிறது. பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவோடு ஓர் ஒழுங்கைச் செய்திருக்கலாம். இவற்றுக்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. வாழ்நாளில் துணைவரின் உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்கள் 20.4 வீதம், அதாவது ஐந்தில் ஒருவர் என்று தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுப் பெண்கள் நல்வாழ்வு ஆய்வு சொல்கிறது. திட்டமிடுவோருக்கு அந்தத் தொகை கட்டாயம் தேவை. அந்த ஐவரில் ஒருத்தி எந்த இடத்தில் நின்று திரும்பி வந்துவிடுகிறாள் என்பதை மாத்திரம் எந்த ஆய்வறிக்கையிலும் காண முடியாது. அதை அவளிடமோ, அவளுக்குத் துணை போனவரிடமோ கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ஆகவே ஆணைக்குழுவின் வதிவிட அமர்வு திருகோணமலையில் நடைபெற வேண்டும் என்றும், அது விடுதி மண்டபத்தில் தொடங்காமல் கிராமங்களில் தொடங்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன். திருகோணமலையைச் சொல்வது என் சொந்த ஊர் என்ற பாசத்தால் மாத்திரமன்று. பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொண்ட இந்த ஒரு மாவட்டத்துக்குள் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் மூவரும் அருகருகே வாழ்கிறார்கள். மீன்பிடியும் வயலும் குடியேற்றத் திட்டமும் உல்லாச விடுதியும் இங்கே உண்டு. சுனாமியையும் போரையும் பார்த்த மாவட்டம். உறுப்பினர்கள் முதலில் பிரிந்து, ஈச்சிலம்பற்றுக்கும் புல்மோட்டைக்கும் கிண்ணியாவுக்கும் கோமரங்கடவலைக்கும் சென்று, ஒரு முழு நாளாவது அங்குள்ள பெண்களோடு இருக்கட்டும். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளட்டும். அதன் பிறகு ஓரிடத்தில் தங்கி, கதவை அடைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆலோசிக்கலாம். வதிவிட அமர்வு வீண்செலவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொலைபேசியும் கோவைகளும் துரத்தாத இரண்டு நாட்களில்தான் ஒரு நிறுவனம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியும். தங்குமிடம் அரசாங்கப் பயிற்சி நிலையமாக இருந்தால் இன்னும் நல்லது.

கிராமத்துப் பெண்களை விடுதிக்கு வரவழைப்பது இதற்கு ஈடாகாது. எங்கள் பக்கத்தில் ஓர் இரவு வெளியே தங்க அனுமதி கிடைக்கும் பெண்கள் சிலர்தான். அவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்கள். பேசவே வாய்ப்புக் கிடைக்காதவள் மாலை ஐந்து மணிக்குள் வீடு திரும்ப வேண்டியவள், மடியில் பிள்ளையோடு இருப்பவள். காலத்தையும் கவனிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் வெருகல் ஆறு பெருகினால் பாதை மூடப்படும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் பகல் முழுவதும் பெண்களைக் கூட்டி வைத்திருப்பது முறையன்று. கொழும்பிலிருந்து திகதி குறிப்பவர்கள் மாவட்டச் செயலகத்தில் ஒரு வார்த்தை கேட்டாலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

மொழி பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. ஆயினும் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில், அதில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே கையொப்பமிட்ட தமிழ், முஸ்லிம் பெண்கள் எத்தனையோ பேரை நான் நேரில் அறிவேன். ‘கையை ஓங்கினான்’ என்று அவள் சொன்னது ஏட்டில் ‘வாய்த்தர்க்கம்’ ஆகிவிட்டால், பிறகு நீதிமன்றத்தில் அவள் பேச்சு எடுபடாது. இதே குறை திட்டமிடலிலும் வரக் கூடாது. வரைவு முதலில் ஆங்கிலத்தில் தயாராகி, தமிழ்ப் பிரதி ஆறு மாதம் கழித்து வருவதென்றால், கருத்துச் சொல்லும் காலம் அதற்குள் முடிந்துவிடும். முதல் நாளின் முதல் தாளிலிருந்தே தமிழ், சிங்களம் ஆகிய இரு மொழிகளும் இருக்க வேண்டும். அமர்வில் தேர்ச்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருக்க வேண்டும். அயலில் இருப்பவரின் காதோடு பேச்சு மொழிபெயர்ப்பாகாது.

அப்படிக் கேட்கத் தொடங்கினால் என்னென்ன வெளிவரும் என்பதற்கு வீடு, காணி என்ற ஒரு விடயத்தை மாத்திரம் எடுத்துக் காட்டுகிறேன். எங்கள் கிழக்குக் கரையில் மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் நெடுங்காலமாக உள்ள வழமை. ‘வீடு பொம்பிளைக்கு’ என்பது இங்கே யாரும் வாதாடாத பேச்சு. சுனாமிக்குப் பிறகு புதிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டபோது படிவத்தில் குடும்பத் தலைவர் என்றொரு கூடு இருந்தது. அதில் கணவனின் பெயரை எழுதினார்கள். உறுதியும் பல இடங்களில் அவன் பெயருக்கே வந்தது. தாய் வழியாக வந்த வளவை ஒரு படிவத்தின் ஒரு கூட்டினால் பெண் இழந்தாள். கணவன் விட்டுப் போனபோதுதான் பலருக்கு அது தெரியவந்தது.

இன்னொரு பக்கத்தில் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். குடியேற்றத் திட்டத்தில் அனுமதிப்பத்திரம் பெற்றவர் பின்னுரித்தாளர் ஒருவரை நியமிக்காமல் இறந்தால், மகளுக்கு முன் மகனுக்கே காணி போகும்படியாக அதன் அட்டவணை இருந்தது. 2022இல் அது திருத்தப்பட்டு மகனும் மகளும் ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். கந்தளாயிலும் அல்லைத் திட்டத்திலும் காணி பெற்றவர்களின் மகள்மாரில் எத்தனை பேருக்கு இந்தத் திருத்தம் தெரியும்? நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பெண்களில் ஒருத்திக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை. புதிய சட்டம் கேட்பதற்கு முன், இருக்கும் சட்டத்தை வளவு வளவாகக் கொண்டுபோய்ச் சொல்வதே ஆணைக்குழுவின் முதல் வருட வேலையாகலாம். சங்கக் கூட்டத்தில் அப்படியொரு யோசனை அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் வேறொன்றைக் கேட்பார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணப்பெண் தன் திருமணப் பதிவில் கையொப்பமிட வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை. இது பற்றி அந்தச் சமூகத்துப் பெண்களே பல்லாண்டுகளாகப் பேசி வருகிறார்கள். அவர்கள் சார்பில் வேறு யாரும் பேசத் தேவையில்லை. அவர்களை அவர்களுடைய இடத்தில் வைத்து, அச்சமின்றிப் பேசவிட்டுக் கேட்டால் போதும். நுண்கடன் பற்றியும் நிச்சயமாகக் கேட்க நேரிடும். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு 2018இல் நிவாரணம் அறிவிக்கப்பட்ட பிறகும், கிழமைக்கு ஒருநாள் ‘லோன்காரர்’ வருகிறார் என்று பின்வாசலால் வெளியேறும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரையும் மனைவியரையும் மற்றக் கூட்டங்களோடு கலந்து வைக்காமல், அவர்களுக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். அவர்கள் எத்தனையோ ஆணைக்குழுக்களின் முன் அழுதுவிட்டு வந்தவர்கள். தாங்கள் சொல்வதைக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலிலேயே கேட்பார்கள். அதற்குரிய பதிலோடு போவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இனி நிதி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது நாம் அறிந்ததே. நமது நிதியாண்டு தையில் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டம் அதற்கு முன்னரே பாராளுமன்றத்துக்குப் போய்விடும். மதிப்பீடுகள் அதற்கும் பல மாதங்கள் முன்னதாகக் கேட்கப்படும். அந்த நேரத்துக்குத் திட்டத்தின் ஒவ்வொரு செயலுக்கும் இவ்வளவு செலவாகும், இன்னார் பொறுப்பு, இந்த மாதத்துக்குள் என்று எழுதப்பட்டிருக்காவிட்டால் அடுத்த வருடத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. கிடைக்கும் சிறு தொகையும் வருடக் கடைசியில் வந்து சேர, மார்கழி மாதத்தில் அவசர அவசரமாகக் கருத்தரங்கு வைத்துச் செலவு காட்ட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட கருத்தரங்குகளை நானும் நடத்தியிருக்கிறேன். வந்திருந்த பெண்கள் முகத்தைப் பார்க்க எனக்கு மனவருத்தமாக இருந்தது. வேலையைச் செய்யப் போகிறவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்குப் புதிதாக ஐந்து பொறுப்புகளைக் கொடுப்பதானால், அவரிடமிருந்து எதை எடுக்கப் போகிறோம் என்பதையும் அதே மேசையில் தீர்மானிக்க வேண்டும்.

முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதும் அந்த அமர்வில்தான் முடிவாகும். எங்கள் மாதாந்த முன்னேற்ற அறிக்கையில் எத்தனை செயலமர்வு, எத்தனை பங்குபற்றுநர் என்றுதான் கேட்டிருந்தார்கள். எண்ணிக்கை கூடக் கூட நாங்கள் பாராட்டப்பட்டோம். இடைக்காலக் கட்டளை பெற்ற பெண்களில் எத்தனை பேர் விசாரணை நாளன்று நீதிமன்றத்தில் நின்றார்கள் என்று ஒருமுறையாவது கேட்டிருந்தால், அந்தப் பஸ் தரிப்பிடத்தில் நடந்தது மேலிடத்துக்குத் தெரிந்திருக்கும். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்குத் தமிழில் அழைத்தவர்களில் எத்தனை பேருக்குத் தமிழிலேயே பதில் கிடைத்தது, அழைப்புக்குப் பின் அவர்களுக்கு என்ன நடந்தது என்பவையும் அப்படிப்பட்ட கேள்விகளே. ஆணைக்குழு தன் குறிகாட்டிகளை இந்த விதமாக அமைத்துக்கொள்ளுமானால் மாவட்ட உத்தியோகத்தர்களின் வேலையும் தானாகவே திசை மாறும்.

திட்டம் முடிவானதும் அதன் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எல்லாப் பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகையிலும் ஒட்டுவதோடு, ஒரு வருடம் கழித்து அதே கிராம மண்டபங்களுக்குத் திரும்பி வந்து, நீங்கள் சொன்னவற்றில் இது நடந்தது, இது நடக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஏற்பாட்டையும் அதே திட்டத்தில் திகதியிட்டு எழுத வேண்டும்.

நான் மேலே குறிப்பிட்ட சங்கத் தலைவி வயதாகிவிட்டாலும் இன்றும் தன் ஊரில் பெண்களோடு பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போய் வருகிறார். அவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்கள் பிரதேச செயலகங்களில் உண்டு. அவர்களுக்கு அழைப்பைத் தமிழிலோ சிங்களத்திலோ, அவரவர் மொழியில், இரண்டு வாரங்களுக்கு முன்னரே அனுப்புமாறும், வந்து போகும் பஸ் கட்டணத்தைப் பின்னர் அனுப்புவதாகச் சொல்லாமல் அன்றைக்கே கையில் கொடுக்குமாறும், நிகழ்ச்சி நிரலில் அவர்களை முதல் நாள் காலையில் போடுமாறும் ஆணைக்குழுவை வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,

ஓய்வுபெற்ற பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.